கேட்க மட்டும் தெரிந்த சர்வர்

"உங்கள் வாகனம் சுங்கச் சாவடியைக் கடந்தது. கட்டணம் கழிக்கப்பட்டது." ஆங்கிலத்தில் வந்த குறுஞ்செய்தியின் சாரம் இவ்வளவுதான். ஜூலை மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, பிற்பகல். இடம், ஒடிசாவின் வடக்கே ஜார்க்கண்டை ஒட்டிய ஒரு டோல்கேட். என் தம்பியின் லாரியைப் பற்றி எங்களிடம் இருந்த கடைசி ஆவணம் அதுதான். அது வந்தது தம்பி மனைவியின் கைபேசிக்கு. லாரிக் கணக்குகளில் அவளுடைய எண்ணைத்தான் கொடுத்திருந்தான்.

எனக்குக் கல்வெட்டு நூல்கள் வாசிக்கும் பழக்கம் உண்டு. பல அரசர்களுக்கு இறந்த ஆண்டு தெரியாது. கிடைத்த கடைசிக் கல்வெட்டின் ஆட்சியாண்டை வைத்து, அதுவரை இருந்தான் என்று மட்டும் எழுதுவார்கள். அந்த வாரம் எனக்கு அந்த நூல்களைத் தொடவே பிடிக்கவில்லை.

தம்பி சொந்த வண்டி ஓட்டுபவன். எருமப்பட்டிக்கு வெளியே வீடு. சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு கொல்கத்தா போனான். அங்கே சரக்கு இறக்கிய அன்றே, உடன் போன மாற்று டிரைவருக்கு அம்மா சீரியஸ் என்று போன் வந்து அவர் ரயிலேறிவிட்டார். தம்பி தனியாக ஜார்க்கண்டுக்குப் போய், ஊர் திரும்புவதற்கான லோடு ஏற்றினான். செவ்வாய் இரவு மனைவியிடம், உடம்பு லேசாகச் சுடுகிறது, மழை விடவில்லை என்று சொல்லியிருக்கிறான். அதற்குப் பின் கைபேசி அணைந்துவிட்டது. அடுத்த டோல்கேட்டின் செய்தியும் வரவில்லை. அந்தப் பக்கம் ஆறுகளில் வெள்ளம் என்று செய்திகளில் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை இங்கே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தோம். அங்கேயுள்ள நிலையத்துக்குத் தகவல் சொல்வதாகச் சொன்னார்கள். சனிக்கிழமை எங்கள் அண்ணன், பெரியப்பா மகன், அவரும் லாரிக்காரர், சென்னை போய் வண்டி மாறி அந்த டோல்கேட்டைத் தேடிப் புறப்பட்டார். அவரைச் சேலம் ஜங்ஷனில் ஏற்றிவிட்டு அம்மாபேட்டையில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் எனக்கு ஜிபிஎஸ் பெட்டி ஞாபகம் வந்தது.

தம்பி வண்டியிலும் அண்ணன் வண்டியிலும் ஆளுக்கொரு பெட்டி உண்டு. உள்ளே ஒரு சிம் இருக்கும். வண்டி எங்கே நிற்கிறது என்பதை அது ஒரு சர்வருக்கு அனுப்பும். நாம் கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம். அவற்றை விற்ற இரண்டு பையன்களும் கடையை மூடிவிட்டுப் போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அவர்களுடைய செயலியைத் திறந்தால் வெறும் வெள்ளைத் திரைதான் வந்தது. ஆனால் பெட்டிக்கு அது தெரியாது. இல்லாத முகவரியை அது இன்னமும் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் அதன் முகவரியை மாற்றிவிடலாம் என்று அதன் கையேட்டில் படித்தேன். கடவுச்சொல்லும் கடையில் வந்தபடியேதான் இருந்தது. பெட்டி பேசினால் கேட்க ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான்.

நான் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வெளியிலிருந்து வரும் இணைப்பை ஏற்கும் சாக்கெட் சர்வர் எழுதுவது ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சி. போர்ட் என்னும் இணைப்பு வாசல் ஒன்றைத் திறந்து வைக்க வேண்டும். யாராவது வந்தால் ஏற்றுக்கொள்ள வேண்டும். சொன்னதைத் திரையில் காட்ட வேண்டும். இணைப்பு வருகிறதா இல்லையா என்று சோதிக்க இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு வரிதான்.

ஞாயிறு காலை மடிக்கணினியோடு எருமப்பட்டிக்குப் போனேன். தம்பி மனைவி சமையலறையில் அடுப்பு பற்ற வைக்காமல் நின்றிருந்தாள். பிள்ளைகளைத் தன் அம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தாள்.

"அந்தப் பொட்டி நம்பர் இருக்குதா கண்ணு?"

"மாசா மாசம் நாந்தானுங்க ரீசார்ஜ் பண்றேன். இருக்குதுங்கண்ணி." கணவனின் அக்காவான என்னை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள்.

வீட்டு இணையத்தில் சர்வர் வைத்தால் வெளியிலிருந்து யாரும் அதை எட்ட முடியாது. எனவே வெளியே ஒரு சிறு கணினியை வாடகைக்கு எடுத்து அதில் எழுதினேன். அங்கேயே இருந்துகொண்டு சோதித்தபோது சரியாக வேலை செய்தது. என் கைபேசியிலிருந்து கூப்பிட்டால் ஒன்றும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். வரவில்லை. போர்ட் எண்ணை மாற்றினேன், வெளி இணைப்புகளைத் தடுக்கும் காவல் விதிகளைத் தளர்த்தினேன், முழுவதையும் அழித்துவிட்டு மீண்டும் எழுதினேன். முற்பகல் போயே போய்விட்டது. கடைசியில் பார்த்தால், அந்தக் கணினிக்குள்ளிருந்து கூப்பிடுவோருக்கு மட்டும் காது கொடுக்கும் முகவரியில் அதைக் கட்டிப்போட்டிருக்கிறேன். முதலாண்டுப் பிள்ளைகள் செய்கிற தப்பு. இத்தனை நேரமும் அது தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

திருத்தியதும் கைபேசியிலிருந்து "சோதனை" என்று அனுப்பினேன். திரையில் "சோதனை" என்று வந்தது. பெட்டியின் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு உட்கார்ந்தோம்.

உடனே ஒரு வரி வந்தது. அவள் எழுந்துவிட்டாள். முகவரியைப் பார்த்தேன். ஐரோப்பாவில் எங்கோ. இன்னொன்று வந்தது. அது சீனாவிலிருந்து. திறந்த போர்ட் எங்கே கிடைக்கும் என்று உலகம் முழுக்கத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் தானியங்கிகள் அவை. ஒவ்வொரு வரிக்கும் அவள் எழுந்தாள்.

"யாருங்கண்ணி?"

"யாரோ திருட்டுப் பசங்க சாமி. கதவு தெறந்திருக்குதான்னு தட்டிப் பாக்கறானுக."

"கண்ட கண்ட நாட்டுக்காரனுக்கெல்லாம் நம்ம ஊடு தெரியுது. இவருக்குத் தெரியலீங்களா?"

நான் அந்த வரிகளைத் திரையிலிருந்து அழித்தேன்.

பிறகு என் கைபேசி அதிர்ந்தது. பெட்டியிடமிருந்து பதில், "ஓகே" என்று. சற்று நேரத்தில் திரையில் ஒரு நீண்ட வரி விழுந்தது. எழுத்தும் எண்ணுமாகப் பெட்டியின் அடையாளம், அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம் சுழியம். அட்சரேகை பதினொன்று என்று தொடங்கியது. ஒடிசாவென்றால் இருபதுக்கு மேல் இருக்க வேண்டும். வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். சேலம் நாமக்கல் நெடுஞ்சாலையில், புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் விழுந்தது அந்தப் புள்ளி.

அவள் வரைபடத்தையே பார்த்தாள். "இங்கயா?" என்றாள். "வந்துட்டாரா?"

என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். நாமக்கல் தாண்டினோம். பிறகு என் முதுகுக்குப் பின்னாலிருந்து, "இவ்வளவு தூரம் வந்துட்டு ஏனுங்கண்ணி ஊட்டுக்கு வரல?" என்றாள். காற்றில் பாதிதான் கேட்டது. "யாராச்சும் வண்டிய மட்டும் ஓட்டிக்கிட்டு வந்துட்டானுகளா?" அதற்கு நான் வண்டியை நிறுத்திவிட்டேன். சாலையோரத்தில் நின்று, அப்படியெல்லாம் இருக்காது என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு மறுபடி ஏறினோம். அதே நினைப்பு எருமப்பட்டியிலிருந்தே எனக்கும் இருந்தது.

புள்ளி விழுந்த இடம் ஒரு லாரி பாடி கட்டும் பட்டறை. ஞாயிற்றுக்கிழமையென்றாலும் வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்தது. முன்னால் கேபினும் பின்னால் வெறும் சேஸிஸ் இரும்புச் சட்டமுமாக ஒரு லாரி நின்றது. எண்ணைப் படித்தேன். அண்ணனுடைய வண்டி. பழைய பாடியைக் கழற்றிவிட்டுப் புதிது கட்ட விட்டிருக்கிறார். கேபினுக்குள் ஏறிப் பார்த்தேன். டேஷ்போர்டுக்கு அடியில் தம்பியின் பெட்டி விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் குடும்பத்தைத் தெரிந்த வயரிங்காரர் கை துடைத்துக்கொண்டு வந்தார். "ஏனுங்கக்கா, என்ன தேடறீங்க?"

"இந்தப் பொட்டி எப்படி இங்க வந்துச்சுங்க?"

"அதுங்களா? உங்க தம்பிதான் மாத்தச் சொன்னாருங்க. லோடுக்குப் போறதுக்கு முன்னால வந்து, இந்த வண்டியில இருந்த நல்ல தார்ப்பாய், ஜாக்கி, பேட்டரி எல்லாம் அவரு வண்டிக்கு ஏத்திக்கிட்டு, அவரு பழைய பேட்டரிய இதுல மாட்டிட்டாரு. பட்டறையில நிக்கற வண்டிக்கு எதுக்குங்க நல்ல சாமானம்? பொட்டியும் இந்த வண்டியோடது புதுசு, அவரோடது பழசுன்னு மாத்திப் போட்டேன்." சிரித்தார். "பொட்டியப் புடிச்சு ஆளத் தேடிக்கிட்டுப் பட்டறைக்கு வந்தது நீங்கதானுங்க மொதோ ஆளு. ஆள் எங்கீங்க, தலைமறைவா?"

பின்னால் நின்றிருந்த தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் வெல்டிங்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினார். சத்தம் அடங்கியது. அது எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பட்டறைக்கு விடும் வண்டியில் நல்ல பொருள் எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். ஓடுகிற வண்டிக்கு மாற்றிக்கொள்வார்கள். அண்ணன் தம்பிகளுக்குள் கேட்கவே வேண்டாம். இந்த ஊர்ப் பக்கம் லாரி வைத்திருக்கும் எந்தக் குடும்பத்திலும் அதுதான் வழக்கம். எனக்குத் தெரிந்த வழக்கம்தான். ஆனால் பெட்டியும் சாமான் கணக்கில் சேரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவள் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்தாள். "தார்ப்பாய் எடுத்தேன்னு சொன்னாருங்க. பொட்டியச் சொல்லல," என்றாள்.

இப்போது தேவைப்பட்டது அண்ணனுடைய பெட்டியின் சிம் எண். அவர் ரயிலில் இருந்தார். கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. சாயங்காலம்தான் கிடைத்தார்.

"அடப் பாவி, பொட்டியக் கூடவா கழட்டிக்கிட்டான்? ஜாக்கி கேட்டான், எடுத்துக்கடான்னேன்," என்றார். எண்ணைச் சொன்னார். பெட்டி வாங்கிய ரசீதும் அட்டைப்பெட்டியும் எப்போதோ போய்விட்டன என்றார். அதன் அடையாள எண் வேறு யாருக்கும் தெரியாது.

குறுஞ்செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. திங்கள் காலை மறுபடி அனுப்பினேன். பதில் இல்லை. கல்லூரிக்கு விடுப்பு சொல்லிவிட்டு அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். தட்டிப் பார்க்கும் தானியங்கிகள் வந்து போய்க்கொண்டிருந்தன. அவள் இப்போது எழுவதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து இட்லி கொண்டு வந்து வைத்தார்கள். அது அப்படியே இருந்தது. உறவினர்கள் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கியிருந்தார்கள். அந்தத் தாழ்ந்த குரல்தான் என்னைப் பயமுறுத்தியது. அதில் ஒருவர், "வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குதுங்களா?" என்று கேட்டார். அவள் அவரை ஏறிட்டுப் பார்த்து, "ஆளுக்கே இன்னும் கணக்கு முடியலீங்க மாமா," என்றாள்.

மாலை வெயில் இறங்கும் நேரத்தில் ஒரு இணைப்பு வந்தது. இந்திய அலைபேசி நிறுவனம் ஒன்றின் முகவரி. திரையில் எழுத்து எதுவும் இல்லை, புரியாத குறிகள் சில மட்டும். உடனே இணைப்பு அறுந்தது. கொஞ்ச நேரத்தில் மீண்டும் அதே குறிகள் வந்தன. மீண்டும் அறுந்தது.

குறிகளை எண்களாக மாற்றிப் பார்த்தேன். தலைப்பு எண்களைக் கொண்டு கையேடுகளில் தேடியபோது புரிந்தது. அது புது வகைப் பெட்டி ஒன்றின் மொழி. பழைய வகை வந்ததும் தன் இடத்தைச் சொல்லிவிடும். இது அப்படியில்லை. முதலில் தன் அடையாளத்தை மட்டும் சொல்லும். "சரி, உள்ளே வா" என்று சர்வர் பதில் சொன்னால்தான் இடத்தைச் சொல்லும். பதில் இல்லையென்றால் போய்விடும். நான் எழுதியது சோதனை சர்வர். அதற்குக் கேட்க மட்டும்தான் தெரியும். வாசலில் நின்று "நாந்தான்" என்று இரண்டு தடவை கூப்பிட்டவனுக்குக் கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்கும் ஒரு முறை உண்டு. வந்த வரிசை எண்ணைத் திருப்பிச் சொல்லி, சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டுக் கடைசியில் சேர்க்க வேண்டும். கணக்கு ஒரு இடம் தவறினாலும் பெட்டி ஏற்காது. மாதிரி ஒன்றை வைத்துச் சரிபார்த்தேன். தவறு. மறுபடி போட்டேன். இன்னொரு முறையும் தவறாகவே வந்தது. அவள் பக்கத்தில் வந்து நின்று, "வந்துச்சுங்களா அண்ணி? அவருதானுங்களா?" என்றாள். "இரு சாமி, இரு சாமி," என்று சொல்லிக்கொண்டே மறுபடி போட்டேன். கடைசியில் கணக்கு ஒத்து வந்தது. சர்வரை நிறுத்தி, புதியதை ஓடவிட்டேன். நிறுத்திய இடைவெளியில் அது வந்து போயிருக்குமோ என்ற எண்ணம் அப்போது வந்தது, இன்னும் போகவில்லை.

அதற்குப் பின் அந்தக் குறிகள் வரவே இல்லை.

விளக்கு வைத்த பிறகு அண்ணன் கூப்பிட்டார். டோல்கேட்டுக்கு அப்பால் ஒரு பாலம் உடைந்திருக்கிறது. வண்டிகளைக் கிராமச் சாலைகளில் திருப்பிவிட்டிருக்கிறார்கள்.

"ஆத்துல ஒரு லாரி கெடக்குது அம்மிணி. பாதி தண்ணிக்குள்ள. தரைப்பாலத்துல எறங்கியிருக்குது. நம்பர் தெரியல. தண்ணி வடிஞ்சாத்தான் கிரேன் வருமாம். நான் இங்கயே இருக்கட்டுமா?"

மூச்சு விடாமல் பெட்டியைப் பற்றிச் சொன்னேன்.

"பொட்டி பேசுச்சா?"

"பேசுச்சுங்கண்ணா. ரெண்டு தடவை."

"தண்ணிக்குள்ள கெடந்தா பேசுமா?"

"பேசாதுங்கண்ணா."

"உம்பட கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்."

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. "அப்ப நான் இந்த ஆத்தங்கரையில நிக்க மாட்டேன். அந்தப் பக்கம் ரோடு ரோடாப் போயிப் பாக்கறேன்," என்று வைத்துவிட்டார்.

புதன்கிழமை பகலில், திருப்பிவிட்ட சாலை ஒன்றில், சாலையோர உணவகமான ஒரு தாபாவுக்குப் பின்னால் தார்ப்பாய் மூடிய எங்கள் வண்டியைக் கண்டார். தம்பியைச் சேர்த்திருந்த இடத்துக்கு அண்ணனைத் தாபாக்காரர்தான் கையைப் பிடித்து அழைத்துப் போயிருக்கிறார். சிறிய அரசு மருத்துவமனை. மூளையைத் தாக்கும் மலேரியா. தம்பி ஆள் தெரியாமல் படுத்திருந்தான். கைபேசி வழியில் எங்கோ தண்ணீரில் விழுந்திருந்தது. பேர், ஊர் கேட்டால் சொல்லும் நிலையில் அவன் இல்லை, சொன்ன தமிழும் அங்கே யாருக்கும் புரியவில்லை. அண்ணன் அங்கேயே நின்று பெரிய மருத்துவமனைக்கு மாற்றினார். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் சிரமம் என்று அந்த மருத்துவர் சொன்னதாக அண்ணன் சொன்னார். ஆடி முடிவதற்குள் தம்பியை ரயிலில் அழைத்து வந்துவிட்டார்கள். வலது கை விரல்களில் இன்னும் நடுக்கம் இருக்கிறது. லாரி ஓட்டுவதில்லை.

ஆற்றில் கிடந்த லாரி வேறு யாருடையதோ. அதன் எண்ணை அண்ணன் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டார். என்னிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் உறவில் இன்று வரை இந்தக் கதை, "கம்ப்யூட்டர்ல அம்மிணி பாத்துச் சொல்லுச்சு, அதை வெச்சுத்தான் ஆளைப் புடிச்சோம்," என்றே சொல்லப்படுகிறது. விசேஷங்களில் அண்ணன் சொல்லும்போது நான் அருகில் இருந்தால் எழுந்து போய்விடுவேன். காரணத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

வேறொரு டிரைவர் வண்டியைக் கொண்டு வந்து சேர்த்தபோது, பட்டறைக்காரர் அதிலிருந்த அண்ணனுடைய பெட்டியைக் கழற்றித் திறந்தார். உள்ளே தண்ணீர் புகுந்து துரு பிடித்திருந்தது. உள் பேட்டரி உப்பியிருந்தது. மேலே ஒட்டியிருந்த சீட்டு கரைந்து, அடையாள எண் படிக்கும்படி இல்லை. தண்ணீர் எந்த நாள் புகுந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. என் குறுஞ்செய்திக்கு அந்தப் பெட்டி ஒருமுறைகூடப் பதில் அனுப்பியதில்லை. நான் வாடகைக்கு எடுத்த கணினியின் முகவரி எனக்கு முன் வேறு யாருடையதாகவோ இருந்திருக்கும். அவர்களும் வண்டிகளைக் கண்காணித்திருந்தால், அவர்களுடைய ஏதோ ஒரு பெட்டி இன்னும் பழைய முகவரியைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம். இன்னும் சில வாரம் சர்வரை ஓடவிட்டிருந்தால், அது மறுபடி கூப்பிடுகிறதா என்று தெரிந்திருக்கும். புதன்கிழமை செய்தி கேட்ட கையோடு அந்தக் கணினியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பெட்டிகளை விற்ற பையன்களை இரண்டு முறை தேடினேன், கிடைக்கவில்லை.

அந்தத் திங்கள் மாலை இரண்டு முறை வந்த இணைப்பின் அடையாள எண் என்னிடம் இருக்கிறது. அது தம்பியின் வண்டியில் இருந்த பெட்டியினுடையதுதானா என்பது இதை எழுதும் இன்று வரை சரிபார்க்கப்படவில்லை.